இடப்பக்கம் வாய் திறக்கும் நத்தை

(மணவாள நகரில் நடந்த அறிவியல் ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறார்கள். தூக்கம் வரும் நேரம். அதனால்தான் பவர்பாயின்ட் எதுவும் கொண்டு வராமல், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் நத்தைகளைக் கொண்டு வந்திருக்கிறேன். வரிசைக்கு ஒரு டப்பா வரும். மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே பார்த்தால் போதும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் "எங்களுக்கு இது எதற்கு" என்று நினைக்க வேண்டாம். இதில் பாதிக்கு மேல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலைதான்.

ஒன்பதாம் வகுப்பு 'விலங்குலகம்' பாடத்தில் மெல்லுடலிகள் என்று ஒரு பத்தி வருகிறது. அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பிள்ளைகள் உடனே 'பைலா' என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பைலாதான் நம் ஏரிகளில் கிடக்கும் பெரிய நத்தை, பாட்டி மூல நோய்க்கு நல்லது என்று வாங்கிக் குழம்பு வைக்கிறாரே அதே நத்தை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்டபோது ஒரு வகுப்பில் மூன்று பேர் கை தூக்கினார்கள். அதில் இருவர் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் அது வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு.

அதற்குப் பிறகு, அவரவர் தெருவில் தேங்கிய தண்ணீரிலோ கால்வாயிலோ ஏரியிலோ கண்ட நத்தை ஓடுகளை, காலியானதை மட்டும், எடுத்து வரச் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஒரு பெரிய டப்பா நிறைந்துவிட்டது. அதைத் தரையில் கொட்டிப் பிரித்தபோதுதான் இன்றைய பேச்சுக்கான விஷயம் கிடைத்தது.

பெரிதாக, உருண்டையாக, எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் இருந்தவை பைலா. தட்டையாகச் சுருண்டு, சக்கர முறுக்கைப் போல இருந்தவை இண்டோபிளானார்பிஸ். தூணைப் போல நீண்டு கூரான முனையோடு இருந்தவை மெலனாய்டிஸ். வயிறு புடைத்த பம்பரத்தைப் போல இருந்தவை பெல்லாமியா. மெல்லிய ஓடும் அகன்ற வாயும் கொண்டவை லிம்னேயா. இவையெல்லாம் இந்த மண்ணின் நத்தைகள். இவை தவிர ஒரு குவியல் மிச்சம் இருந்தது. ஒரு சென்டிமீட்டர் உயரம், பழுப்பு மஞ்சள் நிறம், எண்ணெய் தடவியதைப் போல மினுமினுப்பு, விரலால் அழுத்தினால் நொறுங்கும் மெல்லிய ஓடு. முதலில் பிள்ளைகள் அதை லிம்னேயாவோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு மாணவிதான், "டீச்சர், இதுக்கு மட்டும் வாய் அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

அதன் பெயர் பைசெல்லா அக்யூட்டா. பழைய நூல்களில் பைசா அக்யூட்டா என்றிருக்கும். பணப் பைசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் டப்பாவைப் பாருங்கள். ஓட்டின் கூரான நுனி மேலே இருக்கட்டும், வாய் உங்களைப் பார்த்து இருக்கட்டும். வாய் உங்கள் வலது கைப் பக்கம் இருந்தால் அறிவியலில் அது வலச்சுழல். இடது கைப் பக்கம் இருந்தால் இடச்சுழல். நம் குளங்களில் நிமிர்ந்த கோபுரம் போன்ற ஓடும் இடப்பக்க வாயும் ஒன்றாகக் கண்டால், அது பெரும்பாலும் இந்தப் பைசெல்லாதான். தட்டையான இண்டோபிளானார்பிஸும் உடலமைப்பில் இடச்சுழலைச் சேர்ந்ததே. ஆனால் அதற்குக் கோபுரமே இல்லாததால் குழப்பம் வராது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் வகுப்பில் இது கட்டாயம் வரும். நாம் வலம்புரிச் சங்கு, இடம்புரிச் சங்கு என்கிறோம். கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் சங்கு இடம்புரி. ஆயிரத்தில் ஒன்றாகக் கிடைக்காதா என்று தேடுவது வலம்புரி. ஆனால் அறிவியல்காரர்களிடம் கேட்டால், சாதாரணச் சங்கு வலச்சுழல், அரிய வலம்புரி இடச்சுழல் என்பார்கள். யார் சொல்வது தவறு? இருவர் சொல்வதும் சரிதான். அவர்கள் கூரான சுருள்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நாம் சங்கின் நீண்ட மூக்கை மேலே வைத்துப் பார்க்கிறோம். ஒரு பொருளைத் தலைகீழாகத் திருப்பினால் வலம் இடமாகத் தெரிகிறது. இதை வைத்தே ஏழாம் வகுப்பில் ஒரு கணக்குப் பாடவேளை நடத்தலாம். சுழற்சியா, எதிரொளிப்பா, எது எதை மாற்றும், எது மாற்றாது என்று பிள்ளைகளே கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். எவ்வளவுதான் திருப்பினாலும் ஒரு பைசெல்லா ஓட்டை லிம்னேயாவாக்க முடியாது. கண்ணாடியில் காட்டினால் மட்டும் முடியும்.

"அப்போ நம்ம கால்வாயில் கிடக்கிறதெல்லாம் வலம்புரியா? வித்தா லட்ச ரூபாய் வருமா?" என்று ஒருவன் கேட்டான். சங்கைப் பிடிக்கும் முறையில் பிடித்தால் வலம்புரிதான், ஆனால் விலை மட்டும் வராது என்றேன்.

இந்த நத்தை எங்கிருந்து வந்தது? 1805 இல் பிரான்ஸ் நாட்டு இயற்கையாளர் திராபர்னோவின் நூலில்தான் இதற்கு இந்தப் பெயர் கிடைத்தது. நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவர் விவரித்த நத்தை தெற்குப் பிரான்ஸின் கரோன் ஆற்றில் கிடைத்தது. அதனால் நீண்ட காலம் இதை ஐரோப்பிய நத்தை என்றே எல்லோரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் இதே போன்ற நத்தைகளுக்கு வேறு வேறு பெயர்கள் இருந்தன. 2002 இல் ராபர்ட் டில்லனும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பாவில் எடுத்ததையும் அமெரிக்காவில் எடுத்ததையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். தடையில்லாமல் கூடிக் குஞ்சு பொரித்தன, குஞ்சுகளும் நன்றாக வளர்ந்தன. ஆக எல்லாம் ஒரே இனம், பூர்வீகம் வட அமெரிக்கா. கரோன் ஆற்றின் மேல்தான் போர்தோ துறைமுகம் இருக்கிறது. திராபர்னோ பெயர் வைத்தது ஏற்கெனவே கடல் கடந்து வந்துவிட்ட ஒரு விருந்தாளிக்கு. இனம் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பில் வரையறை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்தக் கதையைச் சொன்னால் வரையறை தானாகவே நிற்கும்.

இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. உலகின் நன்னீர் நத்தைகளில் இந்த அளவுக்குப் பரவியது வேறு எதுவும் இல்லை என்றே மெல்லுடலி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு செ.மீ. பிராணிக்கு இது எப்படி முடிந்தது?

முதல் காரணம், அது ஆணும் பெண்ணும் ஒன்றான உயிரி. துணை கிடைத்தால் கூடும். கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் காத்திருந்து தன்னாலேயே கருவுற்று முட்டையிடும். ஆகவே ஒரு புதுக் குளத்துக்கு ஒரே ஒரு நத்தை வந்து சேர்ந்தாலும் போதும். இரண்டாவது, வேகம். நம் ஊர் வெயிலில் சில வாரங்களிலேயே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். கண்ணாடி போன்ற பசைக்குள் பத்து இருபது முட்டைகள் வரிசையாக இருக்கும். அல்லி இலையின் அடியிலும், மிதக்கும் பிளாஸ்டிக் பையிலும்கூட ஒட்டியிருக்கும். கணக்கு ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: ஒரு நத்தைக்கு இருபது குஞ்சு மட்டும் பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் தலைமுறையில் எத்தனை? 20, 400, 8000. அடுக்குக்குறியை நடத்த நெல்லும் சதுரங்கப் பலகையும் கதைதான் வேண்டும் என்பதில்லை. எல்லாக் குஞ்சும் ஏன் பிழைப்பதில்லை என்ற கேள்வியும் பின்னாலேயே வரும், அது உணவு வலைப் பாடம்.

மூன்றாவதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பைலாவுக்கும் பெல்லாமியாவுக்கும் வாயை அடைக்க ஒரு மூடி உண்டு, மூச்சுக்குச் செவுளும் உண்டு. பைலாவுக்குச் செவுளோடு நுரையீரலும் இருப்பதால்தான் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மூடியைச் சாத்திக்கொண்டு அடுத்த மழை வரை தூங்குகிறது. பைசெல்லாவுக்கு மூடி இல்லை, செவுளும் இல்லை. லிம்னேயா, இண்டோபிளானார்பிஸ் போல அதுவும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் செவுள் நத்தைகள் முதலில் போகும். காற்றைச் சுவாசிப்பவை நிற்கும். வீட்டுக் கழிவுநீர் கலக்கும் கால்வாயில் பைசெல்லா செழிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பிள்ளைகள் கொண்டு வந்த ஓடுகளை இடவாரியாகப் பிரித்துச் சுவரில் ஒட்டியபோது இது கண்ணுக்குத் தெரிந்தது. தெருவோரக் கால்வாய்களிலிருந்து வந்த பொட்டலங்களில் மூடி உள்ள நத்தை இல்லவே இல்லை. பூண்டி பக்கத்துப் பிள்ளைகள் கொண்டு வந்ததில் பெல்லாமியா, பைலா இரண்டும் நிறைய இருந்தன, பைசெல்லா ஒன்றிரண்டுதான். இது ஆய்வு முடிவு இல்லை, ஒரு வகுப்பின் சேகரிப்பு. ஆனால் தண்ணீர் பரிசோதனைப் பெட்டி இல்லாத பள்ளியிலும், மூடி உள்ளது இத்தனை, மூடி இல்லாதது இத்தனை என்று எண்ணத் தெரிந்தால் ஒரு நீர்நிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: காலி ஓட்டில் மூடி விழுந்துவிட்டிருக்கும். அதனால் மூடியைத் தேடாமல், எந்த நத்தைக்கு மூடி உண்டு என்று தெரிந்துகொண்டு எண்ண வேண்டும்.

நீர்நிலையிலிருந்து நீர்நிலைக்கு இது எப்படிப் போகிறது? உலகெங்கும் முதல் வழி மீன் தொட்டிதான். தொட்டிக்கு வாங்கும் நீர்ச்செடியின் இலையில் முட்டைப் பசை ஒட்டிக்கொண்டு வரும். தொட்டியில் நத்தை பெருகும், அலுத்துப்போய் ஒரு நாள் தண்ணீரோடு கால்வாயில் கொட்டுவார்கள். அதன் பிறகு வெள்ளமும் கால்வாய்களும் பார்த்துக்கொள்ளும். நம் மாவட்டத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944 இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1996 முதல் கண்டலேறு கால்வாய் வழியாக ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் ஊத்துக்கோட்டை தாண்டி அதில் சேர்கிறது. பூண்டியிலிருந்து கால்வாய்கள் சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று போகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறுகளை நாம் குடிநீருக்காக இணைத்திருக்கிறோம். இணைக்காமலும் இருக்க முடியாது. தண்ணீர் போகும் வழியில் நத்தையும் போகும். வரைபடத்தில் இந்தக் கால்வாய்களை வரையச் சொல்லும் சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, அதனால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். பைசெல்லாவைப் பற்றி நான் பயமுறுத்தப் போவதில்லை. அது பாசியையும் அழுகியதையும் மேய்கிறது, நம் லிம்னேயா மேயும் அதே இடத்தில். வேகமாகப் பெருகுவதால் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வயலை அழிப்பதில்லை. உள்ளூர் நத்தை எல்லாம் சாது, வெளியிலிருந்து வந்ததெல்லாம் கேடு என்று சொல்லிக்கொடுத்தால் அதுவும் பொய்யாகிவிடும். நம் இண்டோபிளானார்பிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாடுகளின் மூக்கில் வளர்ச்சி உண்டாகி, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் வருமே, அந்தக் குறட்டை நோய்க்குக் காரணமான தட்டைப்புழு சிஸ்டோசோமா நேசாலே. அதை 1933 இல் சென்னையில் எம். ஏ. என். ராவ் என்ற கால்நடை ஆய்வாளர்தான் விவரித்தார். அந்தப் புழுவின் இளம் பருவம் வளர்வது நம் சொந்த நத்தையான இண்டோபிளானார்பிஸுக்குள்தான். நத்தையை விட்டு வெளியேறி, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இதே வகைப் புழுக்கள் மனிதத் தோலில் பட்டால் உள்ளே வளர முடியாமல் செத்துவிடும், ஆனால் அரிப்பும் தடிப்பும் வரும். ஏரியில் இறங்கினால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். லிம்னேயாவுக்குள் வளர்வது ஆடு மாடுகளின் ஈரல் புழு.

வயலை அழிக்கும் நத்தையும் ஒன்று இருக்கிறது. போமாசியா கனாலிகுலாட்டா, தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உணவுக்காக வளர்த்து ஏற்றுமதி செய்யலாம் என்று 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். ருசி யாருக்கும் பிடிக்கவில்லை. வளர்த்தவர்கள் வாய்க்காலில் விட்டுவிட்டார்கள். அங்கிருந்தும், அதே ஆசையில் மற்ற நாடுகள் கொண்டுபோனதிலிருந்தும் பிலிப்பைன்ஸ், வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று நெல்வயல்களில் பரவியது. நட்ட நாற்றை அடியோடு கத்தரித்துத் தின்றுவிடும். உலகின் மிக மோசமான 100 பரவும் இனங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. இதன் நெருங்கிய உறவான இன்னொரு போமாசியா, மீன் தொட்டிக்காரர்கள் 'மிஸ்டரி ஸ்நெய்ல்' என்று விற்பது, இலங்கையின் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இணையத்தில் இந்த நத்தையின் படத்தைப் பார்த்துவிட்டு, ஏரியில் கண்ட பெரிய நத்தையை எல்லாம் கல்லால் நசுக்கிய பிள்ளைகளைப் பற்றி ஒரு சக ஆசிரியர் சொன்னார். அவர்கள் நசுக்கியது பைலா. இரண்டும் ஒரே குடும்பம், தூரத்துப் பங்காளிகள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரித்தறிய முட்டையைப் பாருங்கள். தங்க ஆப்பிள் நத்தை தண்ணீருக்கு மேலே, நாணல் தண்டிலும் வாய்க்கால் சுவரிலும், பளிச்சென்ற ரோஜா நிறத்தில் கொத்தாக முட்டையிடும். நச்சுப் புரதம் உள்ள முட்டை, பெரும்பாலான பிராணிகள் தொடாது. நம் பைலா கரையோர ஈரமண்ணில் குழி பறித்து நூற்றுக்கணக்கில் வெள்ளை முட்டை இடும். ரோஜா நிறக் கொத்தைக் கண்டால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வேளாண்மைத் துறை அலுவலரிடம் சொல்ல வேண்டும். வெள்ளையைக் கண்டால் மண்ணை மூடிவிட்டு வந்துவிட வேண்டும். அந்தப் பைலாவை நம்பித்தான் நத்தைகுத்தி நாரை இருக்கிறது. அதன் அலகின் நடுவில் ஒரு இடைவெளி தெரியுமே, அந்த அலகு நத்தையின் சதையை ஓட்டிலிருந்து அறுத்தெடுப்பதற்கானது. தாய்லாந்தில் தங்க ஆப்பிள் நத்தை பெருகிய பிறகு அதைத் தின்று இதே நாரை பெருகியிருக்கிறது என்பது வேடிக்கை. நாரைக்கு ரேஷன் அட்டை பார்க்கத் தெரியாது.

நன்னீரை விட்டு இரண்டு நிமிடம் கழிமுகத்துக்குப் போய் வருகிறேன். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் விட முடியாது. இதே கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைத் தொடும் இடத்தில் சில ஆண்டுகளாக ஒரு கறுப்புச் சிப்பி ஆற்றுப்படுகையைப் போர்த்தியிருக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. அதுவும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடற்கரைகளிலிருந்து வந்ததுதான். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும், கப்பல் நிலையாக நிற்க ஏற்றி இறக்கும் தண்ணீரில் குஞ்சுப் பருவத்திலும் இந்த வகைச் சிப்பிகள் கடல் கடக்கின்றன. கேரளத்தில் கொச்சி, அஷ்டமுடிக் காயல்களில் 2019 வாக்கிலேயே இது பதிவாகிவிட்டது. அஷ்டமுடியின் மட்டித் தொழில் 2014 இல் நீடித்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்று பெற்றது, இந்தியாவில் முதலாவதாக. அப்படிப்பட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சிப்பி நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேற்றின் மேல் பாய் விரித்ததைப் போலப் படரும். இறால் பகலில் சேற்றில் புதைந்திருக்கும் பிராணி. பாய் விரித்த பிறகு புதைய இடமில்லை. நம் மஞ்சள் மட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு, பெண்கள் உட்பட. வலை, படகு எதுவும் இல்லாதவர்களின் தொழில் அது. அவர்கள் கை படும் இடத்தில் இப்போது கூரான சிப்பி விளிம்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை இந்த விஷயம் போயிருக்கிறது. முதலில் கண்டு சொன்னவர்கள் அந்த மீனவர்கள்தான். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பணிபுரியும் ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இருக்கும் சில பிள்ளைகளுக்கு இது பாடம் இல்லை, வீட்டு அடுப்பு. அவர்களைப் பேச விட்டு நாம் குறிப்பெடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிப்பி உப்பு கலந்த நீரில் வாழ்வது. பூண்டிக்கு வராது. பைசெல்லா நல்ல தண்ணீரில் வாழ்வது, எண்ணூருக்குப் போகாது. ஒரே ஆறுதான், இரண்டு முனையில் இரண்டு விருந்தாளிகள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். நத்தைகளைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று ஒரு மாணவன், "அப்போ இது வந்தேறி நத்தை" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பா இங்கே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, குடும்பம் மேற்கு வங்கத்திலிருந்து வந்தது. காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாத வகுப்பு குறைவு. ஒடிசா, பீகார், வங்கம், அசாம். தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு நம் பிள்ளைகளுக்குச் சமமாகத் தேர்வு எழுதுகிறார்கள்.

நாளிதழ்களில் இந்த வகை உயிரிகளுக்கு 'அந்நிய', 'ஆக்கிரமிப்பு', 'வந்தேறி' என்றெல்லாம் போடுகிறார்கள். நான் அன்றோடு அந்தச் சொற்களை வகுப்புக்குள் விடுவதில்லை. 'பரவும் இனம்', 'இங்கே புதிதாக வந்த இனம்' என்றே எழுதுகிறோம். சொல்லை மாற்றினால் போதாது என்பதும் தெரியும். அதனால் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த நத்தை தானாகவா வந்தது? அதற்குப் பயணச்சீட்டு எடுத்தது யார்? தொட்டி வாங்கியவரும், கொட்டியவரும், கால்வாயில் கழிவுநீரை விட்டவரும் யார்? அதற்குப் பிறகு உலக வரைபடத்தை எடுத்து மெலனாய்டிஸ் ஓட்டை மேசையில் வைத்தேன். நம் ஊரில் எந்தக் குட்டையிலும் கிடக்கும் இந்த நத்தை மீன் தொட்டி வழியாக அமெரிக்காவுக்குப் போய், டெக்சாஸிலும் புளோரிடாவிலும் அங்கத்திய ஆறுகளில் பெருகிவிட்டது. அங்கே பரவும் இனம் என்று பட்டியலில் இருப்பது நம் நத்தை. நம் நத்தைக்கு அங்கே என்ன பெயர் வைப்பார்களோ என்று பிள்ளைகள் யோசித்தார்கள். மனிதர்கள் வேறு, நத்தை வேறு. எல்லா மனிதரும் ஒரே இனம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் அது தேவைப்படுகிறது, ஐந்தாம் வகுப்புக்கும் தேவைப்படுகிறது.

பிறகு அந்தப் பெண்ணை முன்னால் கூப்பிட்டேன். பெல்லாமியாவைக் கையில் எடுத்ததுமே, "இது குக்லி, எங்க அம்மா சமைப்பாங்க" என்றாள். எந்த நத்தையை எடுக்கலாம், எப்படி ஓட்டை உடைப்பது, எவ்வளவு நேரம் வேக வைப்பது என்றெல்லாம் சொன்னாள். இந்த நத்தை முட்டையிடாது, குட்டி போடும் என்றும் சொன்னாள். சமைக்கும்போது பெரிய நத்தையின் வயிற்றில் மிளகு அளவில் ஓட்டோடு குட்டிகள் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பெல்லாமியா குட்டி போடும் நத்தை என்பது பட்டப்படிப்பு விலங்கியலில் வருவது. இருளர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் எழுந்து, பைலாவைச் சேற்றுக்குள்ளிருந்து காலாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று செய்து காட்டினான். அந்தப் பாடவேளையில் எனக்கு வேலையே இல்லை.

இனி நடைமுறை. பிள்ளைகளை எந்தக் காரணத்துக்காகவும் ஏரிக்கோ ஆற்றுக்கோ இறக்காதீர்கள். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் இருந்தாலும் கரைதான் எல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரைக்கும் வேண்டாம். காலி ஓடுகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், எடுத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யுங்கள். உயிருள்ள நத்தை வேண்டுமென்றால் ஆசிரியர் கையுறை போட்டு எடுக்கட்டும், மூடி உள்ள டப்பாவில் இருக்கட்டும். பார்த்து முடித்த பிறகு, உள்ளூர் இனம் என்றால் எடுத்த அதே இடத்தில் விட வேண்டும். பக்கத்துக் குளத்தில் விடக் கூடாது. பைசெல்லாவை எங்கேயும் விடக் கூடாது. நான் டப்பாவோடு உறைபெட்டியில் ஒரு நாள் வைத்து, பிறகு மண்ணில் புதைத்துவிடுகிறேன். தொட்டித் தண்ணீரையும் கால்வாயில் ஊற்றாமல், வெயில் படும் காய்ந்த தரையில் ஊற்றினால் முட்டைப் பசை காய்ந்துவிடும். பள்ளியில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை ஒரு அட்டையில் எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டிவிடலாம். புதிதாக நீர்ச்செடி வாங்கினால் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, நத்தை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

நத்தையைக் கொல்வதா என்று சிறு பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். என் வகுப்பிலும் ஒருத்தி அழுதாள். அவளை அடக்காமல் அந்தப் பாடவேளை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். முடிவாக, உயிரோடு சேகரிப்பதைக் குறைத்துக்கொள்வது, ஓட்டை மட்டும் எடுப்பது என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது.

மழைக்குப் பிறகு, ஜனவரியில் நம் அடுத்த கூட்டம். அதற்குள் ஒவ்வொரு பள்ளியும் ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போட்டு வையுங்கள்: தேதி, நீர்நிலையின் பெயர், வாய் எந்தப் பக்கம், மூடி உள்ள இனமா இல்லாததா, எண்ணிக்கை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் 'இல்லை' என்று எழுத வேண்டும். அதுவும் தகவல்தான். ஆரணியாற்றுப் பக்கப் பள்ளிகள், கண்டலேறு கால்வாய் ஓரப் பள்ளிகள், கூவம் ஓரமாக இருக்கும் எங்களைப் போன்ற பள்ளிகள், எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம். வரைபடத் தாளை நான் கொண்டு வருகிறேன். ஓடுகளை இனம் காண்பதில் சந்தேகம் இருந்தால், நுனி மேலே, வாய் நம்மைப் பார்த்து என்று வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.